நாலாவது மாடி எக்ஸ்சேஞ்ச்

"மறுபடியும் வாட்சை நீங்க கட்டிக்கிட்டீங்களா அப்பா?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாதீங்க. நேத்து மூவாயிரத்து எட்டுநூறு காட்டுது. போன மாசம் பூரா கூட்டினாலும் அம்மா இவ்வளவு நடந்திருக்க மாட்டாங்க."

"உங்கம்மாதான் நடந்தா."

"எங்க நடந்தாங்க?"

"மாடிப்படியில."

மறுமுனையில், மகள் இருக்கும் ஊரில், யாரோ கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அம்மாகிட்ட போனைக் குடுங்க."

"இப்ப முடியாது. வேலையில இருக்கா."

"வேலையா? என்ன வேலை?"

அவர் எழுந்துபோய், திறந்திருந்த வாசல் கதவுக்கு வெளியே போனை நீட்டிப் பிடித்தார். படிக்கட்டு முழுக்க எதிரொலிக்கும்படி ஒரு குரல் கேட்டது.

"அஞ்சாவது மாடி! பால் ரெண்டா, மூணா? சத்தமாச் சொல்லு, லைன் கரகரங்குது!"

போனைக் காதுக்குக் கொண்டுவந்தபோது மகள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"அது அம்மாவா?"

"வேற யாரு?"

"லிஃப்ட் இன்னும் ரிப்பேர்தானா அப்பா? ஒன்பது நாளாச்சே. நீங்க பாத்தா சரியாயிடுமே."

"சாமான் வரணும்மா" என்றார். சொல்லும்போதே அவருடைய இடது கை தன்பாட்டில் எழும்பி சட்டைப்பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கியது. சாமான் அங்கேதான் இருந்தது.

அவருக்கு எழுபத்து நாலு வயது. முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். வேலையை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் லிஃப்டுக்காரர்தான். கீழ்த்தளமும் ஆறு மாடியும் கொண்ட பழைய குடியிருப்பு அது. மாடிக்கு இரண்டு வீடு, நடுவில் லிஃப்ட், அதைச் சுற்றிக்கொண்டு ஏறும் படிக்கட்டு. நாலாவது மாடியில் லிஃப்ட் கதவுக்கு நேர் எதிரே அவர் வீடு.

அவர் மனைவி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்தவள். தலையில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஊரே அவள் காதுக்குள் வந்துவிடும். யார் வீட்டில் பிரசவம், எந்தக் கடையில் சரக்கு வரவில்லை, எந்த மாப்பிள்ளை பாதிப் பேச்சில் போனை வைத்தான், எல்லாம் தெரியும். ஆனால் வெளியே ஒரு வார்த்தை விடமாட்டாள். கட்டடத்தில் அவளுக்குப் பெயர் டெலிபோன்காரம்மா.

பதினாலு மாதத்துக்கு முன்னால் ஈரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். மூன்று மாதத்தில் ஓடலாம் என்றார் டாக்டர். எலும்பு சேர்ந்துவிட்டது, ஆள்தான் சேரவில்லை. ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. எதிர்க் கட்டடத்தின் சுவர், அதில் இறங்கும் ஒரு கழிவுக் குழாய், மழை நாளில் அந்தக் குழாய் மூட்டிலிருந்து சொட்டும் தண்ணீர்.

பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வந்தாள். கையில் ரப்பர் கயிறும் பந்தும். "பத்து எண்ணுங்கம்மா" என்பாள். இவள் எண்ணுவாள். அந்தப் பெண் படி இறங்கும் சத்தம் ஓய்வதற்குள் பந்து கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

"கொஞ்சம் நடந்துட்டு வாயேன்" என்பார் அவர்.

"எங்க?"

"சும்மா, வராண்டா வரைக்கும்."

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. நடக்கிறதுக்குத்தான்."

"யாரும் இல்லாத எடத்துக்குப் போயி, யாரும் இல்லன்னு பாத்துட்டுத் திரும்பி வரணுமாக்கும்."



மகள் அடிகளை எண்ணும் வாட்சை அனுப்பியது அதற்குப் பிறகு. அவள் ஊரில் இருந்தபடியே எண்ணிக்கையைத் தன் போனில் பார்க்கலாமாம். ஒரு வாரம் அது பன்னிரண்டு, பதினாறு என்று காட்டியது. மகள் தினமும் போனில் கெஞ்சுவதைக் கேட்கச் சகிக்காமல் அவர் வாட்சைத் தன் கையில் கட்டிக்கொண்டு ரொட்டி வாங்கப் போய்வந்தார். மறுநாளே மாட்டிக்கொண்டார். "அம்மா காலையில ஆறு மணிக்கு தெருவுல எறங்கி நடந்து போயி, ஒரே எடத்துல இருபது நிமிஷம் நின்னிருக்காங்களாமே அப்பா? ரொட்டிக் கடையில கூட்டமா?" என்று கேட்டாள் மகள்.

லிஃப்ட் நின்றது ஒரு திங்கட்கிழமை. விடியற்காலையிலிருந்து மழை. மறுநாள் காலை இரண்டாம் மாடியிலிருந்து குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஏறி வந்தார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலில் நின்றார்.

"கம்பெனிக்காரன் நாலு நாள் ஆகுங்கறான் சார். நீங்க ஒரு பார்வை பாத்துச் சொன்னா போதும்."

பார்வை பார்ப்பது அவருக்குப் பிடித்தமான காரியம். பழைய பித்தளைப் பூட்டை எடுத்துக்கொண்டு மொட்டைமாடியில் இருக்கும் இயந்திர அறைக்குப் போனார். அவர் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வேலையைத் தொடங்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, அதன்மேல் சொந்தப் பூட்டு ஒன்றைப் போட்டு, சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டுப் போட்டவரைத் தவிர வேறு யாரும் அதைத் திறக்கக்கூடாது, முதலாளியே வந்தாலும் சரி. கீழே குழிக்குள் ஒரு ஆள் தொங்கிக்கொண்டிருக்கலாம். சுவிட்சைத் தட்டினால் அவன் போய்விடுவான். எத்தனையோ சண்டை சச்சரவிலும் இந்த ஒரு கட்டுப்பாட்டை எந்த மெக்கானிக்கும் மீறி அவர் பார்த்ததில்லை.

கோளாறு என்னவென்று கண்டுபிடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு மாடிக் கதவிலும் இரண்டு செப்புத் தகடுகள் உண்டு. கதவு மூடியதும் ஒன்றையொன்று தொடும். எல்லா மாடியிலும் தொட்டால்தான் லிஃப்ட் நகரும். ஆறாவது மாடிக் கதவின் தகடு ஒன்று தீய்ந்து கறுத்துப்போயிருந்தது. விரல் நீளம்கூட இல்லை. அரத்தால் தேய்த்து மாட்டினால் பத்து நிமிஷ வேலை. அரம் வீட்டில் இருந்தது. தகட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினார்.

ஐந்தாம் மாடி தாண்டித் திருப்பத்துக்கு வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

கீழே, அவர் வீட்டு வாசலை ஒட்டிய படியில், ஆறாவது மாடி வாத்தியார் உட்கார்ந்திருந்தார். பூகோளம் கற்பித்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். பக்கத்தில் உருளைக்கிழங்குப் பை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு முன்னால், கையில் தண்ணீர் டம்ளருடன் தன் மனைவி நிற்பதை லிஃப்டுக்காரர் பார்த்தார். நிற்கிறாள். கையில் ஊன்றுகோல் இல்லை.

"நான்தான்னு எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு? கதவு சாத்தியில்ல இருந்துது?" என்று வாத்தியார் கேட்டார்.

"மூச்சுக்கு நடுவுல ஒரு விசில் வருது பாருங்க, அது உங்களுக்குத்தான் உண்டு. முப்பது வருஷம் காதை வச்சுத்தானே சாப்பிட்டேன்" என்றாள் அவள். "ஏன் வாத்தியாரே, நாலு மாடிக்கே இப்படின்னா, அவ்வளவு உசர மலையெல்லாம் எப்படிப் பாடம் எடுத்தீங்க?"

"உக்காந்துக்கிட்டுத்தான் எடுத்தேன்."

அவள் சிரித்தாள். படிக்கட்டுக்கு மேலே இருந்தவருக்கு அந்தச் சிரிப்பு முதலில் அடையாளம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. பதினாலு மாதம் எங்கேயோ வைத்துவிட்டுத் தேடாமலே விட்ட ஒரு பொருளைத் திடீரென்று அலமாரியில் பார்த்தது போல இருந்தது.

அவர் வீட்டுக்குள் போனார். அரம் இருக்கும் இழுப்பறையைத் திறந்தார். அரத்தைப் பார்த்தார். மூடிவிட்டார்.

சாயங்காலம் செயலாளர் கேட்டபோது, "சாமான் வரணும்" என்றார்.

"எத்தனை நாளாகும் சார்?"

"வெளியூர்லேர்ந்து வரணும். சொல்ல முடியாது."

முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் ஒரு லிஃப்டைப் பற்றிச் சொன்ன முதல் பொய் அது. இரண்டு மூன்று நாள்தானே என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் அவள் வாசலுக்கு வெளியே ஒரு நாற்காலி போடச் சொன்னாள். வாத்தியார் உட்கார. வாத்தியார் உட்கார்ந்து எழுந்துபோன பிறகு அதில் அவளே உட்கார்ந்துகொண்டாள். படியில் ஏறுகிறவர்கள் எல்லாருக்கும் நாலாவது மாடிக்கு வரும்போது மூச்சு முட்டும். நின்றே ஆக வேண்டும். நின்றால் பேசியே ஆக வேண்டும்.

"கீழ போறியா தாயி? ரொட்டிக் கடையில வாத்தியார் குடையை விட்டுட்டு வந்துட்டாராம், எடுத்துட்டு வந்துடு. நீ மேல கொண்டு போக வேணாம், எங்கிட்ட குடு. மூணாம் மாடிப் பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஏத்திடலாம்."

அப்படித்தான் தொடங்கியது. மேலே இருக்கிறவர்களுக்கு வீணாக ஒருமுறை இறங்கி ஏற முடியாது. கீழே போகிறவர்களுக்கு மேலே யாருக்கு என்ன தேவை என்று தெரியாது. நடுவில் அவள். அஞ்சுக்குப் பால், ஆறுக்கு மாத்திரை, ரெண்டிலிருந்து மூணுக்கு ஒரு பாத்திரம் சூப். எல்லாச் செய்திகளும் அவள் நாற்காலிக்கு வந்து பிரிந்து போயின. அவள் காகிதத்தில் எழுதிக்கொள்ளவே இல்லை. முதலில் உட்கார்ந்தபடியே கூவினாள். படிக்கட்டில் எதிரொலி ஒன்றோடொன்று மோதிப் பாலும் பாத்திரமும் குழம்பிப்போனதால், மேலே கூவ அரை மாடி ஏறினாள், கீழே கூவ அரை மாடி இறங்கினாள். ஆறாம் நாள் மூன்றாம் மாடி வரைக்கும் போய்விட்டாள். அங்கே காது கேட்காத ஒரு அம்மா இருந்தாள். அவளிடம் கூவிப் பிரயோஜனம் இல்லை, நேரில்தான் போக வேண்டும்.

"லைன் கட்டாயிடுச்சு, ஆளே போக வேண்டியதாப் போச்சு" என்று சொல்லிக்கொண்டு ஊன்றுகோலைத் தட்டித் தட்டி ஏறி வந்தாள். முகம் வியர்த்திருந்தது. வாத்தியார் அந்த நாற்காலிக்கு மேலே சுவரில் காகிதம் ஒன்றை ஒட்டினார்: 'நாலாவது மாடி எக்ஸ்சேஞ்ச். வேலை நேரம்: மூச்சு வாங்கும்வரை.'

பத்தாம் நாள் அவள் கீழ்த்தளம் வரை இறங்கி, தெருவில் கால் வைத்தாள். மழை விட்டு ரோடு பளபளத்தது. இரண்டு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, "ரொட்டிக் கடை போர்டை மாத்திட்டானா?" என்று மட்டும் கேட்டாள். ஏறி வர முக்கால் மணி நேரம் ஆனது. மாடிக்கொரு நாற்காலி அதற்குள் முளைத்திருந்தது.

வீட்டுக்குள்ளும் ஆள் மாறிவிட்டாள். "நீங்க துவைக்கிற சட்டைக் காலரைப் பாத்தா, இந்த வீட்ல பொம்பளையே இல்லன்னு நெனைப்பாங்க" என்று சொல்லி மூன்றாம் நாளே துணி வாளியைப் பிடுங்கிக்கொண்டாள். சாயங்காலத்தில் டீ குடித்துக்கொண்டே பழைய கதைகளைப் பேசினாள். அவரையும் பேச வைத்தாள்.

"அந்தத் துணிக்கடைக் கதையைச் சொல்லுங்க. லிஃப்டு தானா நிக்குமே."

அவர் சொன்னார். பெரிய துணிக்கடை ஒன்றில் மூன்றாம் மாடிக்கு யாரும் போவதில்லை. விலை கூடின சரக்கெல்லாம் அங்கே. முதலாளி இவரைக் கூப்பிட்டு, யார் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் லிஃப்ட் மூன்றாம் மாடியில் ஒருமுறை நின்று கதவைத் திறந்துவிட்டுப் போக வேண்டும் என்றார். ஒரே ஒரு வயரை இடம் மாற்றினார். அவ்வளவுதான். மூன்றாம் மாடியில் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது.

"பாவம், ஜனங்க லிஃப்டுக்கு ஏதோ கிறுக்குன்னு நெனைச்சிருப்பாங்க" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஐந்தாம் மாடி.

ஐந்தாம் மாடியில் டிரைவர் இருந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர். சர்க்கரையில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சக்கர நாற்காலியில்தான் எல்லாம். ஆனாலும் அவர் சும்மா கிடக்கும் ஆள் இல்லை. தினமும் நாலு மணிக்கு லிஃப்டில் இறங்கி, தெருமுனை சைக்கிள் கடைக்குத் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போவார். அங்கே பழைய டிரைவர் கண்டக்டர் மூன்று பேர், ஒரு சீட்டுக்கட்டு. ஆறு மணிக்குத் திரும்பி வருவார். அன்றைக்கு ஜெயித்தாரா தோற்றாரா என்று அவர் சக்கரம் உருளும் வேகத்திலேயே தெரிந்துவிடும்.

சாமானைப் பற்றி யாராவது கேட்டால் லிஃப்டுக்காரர் மொட்டைமாடிக்குப் போய்ப் பார்ப்பது போலப் பாவனை செய்ய வேண்டியிருந்தது. அப்படிப் போகும்போதெல்லாம் ஐந்தாம் மாடியைக் கடக்க வேண்டும். டிரைவர் வீட்டுக் கதவு எப்போதும் திறந்தே கிடந்தது.

"அண்ணே, எப்படி இருக்கு நம்ம வண்டி?"

"சாமான் வரணும் தம்பி."

"வரட்டும் வரட்டும். கம்பெனிக்காரன் கையில இருந்தா நம்ப மாட்டேன். பூட்டு உங்களுதுன்னு கேட்டதும்தான் எனக்கு நிம்மதி. வண்டியைத் தெரிஞ்சவன் கையில இருக்குல்ல."

"உன்னைத் தூக்கிட்டுப் போகட்டுமா? நாலு பேரைக் கூப்பிட்டா..."

"நானென்ன மூட்டையா? முப்பது வருஷம் அம்பது பேரை ஏத்திக்கிட்டுப் போனவன். என்னைத் தூக்கிட்டுப் போயி சீட்டு விளையாட வைக்கப் போறீங்களா? விடுங்கண்ணே. வந்தா சக்கரத்துலதான் வருவேன்."

முதல் இரண்டு மூன்று நாள் அவருடைய கூட்டாளிகள் கட்டடத்துக்குக் கீழே வந்து நின்று, "ஏய் டிரைவரு, டிக்கெட் ஏறிடுச்சு, வண்டியை எடு!" என்று கூவினார்கள். பால்கனியிலிருந்து இவரும் பதிலுக்குக் கூவினார். அப்புறம் மழை வலுத்துவிட்டது. அவர்கள் வருவது நின்றது.

இன்னும் ஒரே ஒரு நாள் என்று லிஃப்டுக்காரர் தினமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவள் மூன்றாம் மாடிக்குப் போகட்டும், பிறகு மாட்டிவிடலாம். தெருவுக்கு இறங்கட்டும், பிறகு. கால் இன்னும் கொஞ்சம் பலப்படட்டும். காலையில் சட்டை மாட்டும்போது கை பையைத் தொடும். தகடு இருக்கும்.

பதிமூன்றாம் நாள் செயலாளர் பொறுமையிழந்து கம்பெனி ஆளையே கூட்டிவந்துவிட்டார். வாலிபன், கையில் புதுக் கருவிப் பெட்டி. இயந்திர அறைக்குப் போனவன் பத்து நிமிஷத்தில் இறங்கி வந்து லிஃப்டுக்காரர் வாசலில் நின்றான்.

"பூட்டு உங்களுதுங்களா?"

"ஆமா."

"வேலை நடந்துட்டு இருக்குதா?"

அவர் அவன் முகத்தைப் பார்த்தார். "ஆமா" என்றார்.

"அப்ப சரிங்க" என்றான் அவன். செயலாளர் பக்கம் திரும்பி, "அவர் திறந்து குடுத்தாத்தான் நான் தொட முடியும் சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். மறு பேச்சு இல்லை.

பதினாறாம் நாள் மத்தியானம் ரொட்டிக் கடையிலிருந்து ஒரு செய்தி ஏறி வந்தது. சைக்கிள் கடைக்காரர்கள் சொல்லி அனுப்பியது: ஒரு கை குறைகிறது, டிரைவர் எப்போது வருவார், இல்லையென்றால் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்ளலாமா? டெலிபோன்காரம்மா மேலே பார்த்துக் கூவினாள். டிரைவர் வீட்டிலிருந்து பதில் இல்லை. இரண்டு தடவை கூவினாள். பிறகு ஊன்றுகோலை எடுத்தாள்.

"இதைக் கூவிச் சொல்லக் கூடாது. நேர்ல சொல்ற சேதி" என்றாள்.

இதுவரை அவள் கீழேதான் போயிருக்கிறாள். மேலே ஒரு முழு மாடி ஏறுவது அதுதான் முதல் தடவை. லிஃப்டுக்காரர் கீழே நின்று ஊன்றுகோல் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு படி. கதவருகே பேச்சுக் குரல் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

அரை மணி கழித்து இறங்கி வந்தாள். வாசல் நாற்காலியில் உட்காரவில்லை. நேராக உள்ளே போய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் பின்னாலேயே போனார்.

"கால் வலிக்குதா?"

"இல்ல."

"டீ போடட்டுமா?"

"அந்த மனுஷன் துவைச்ச சட்டையை மாட்டி, தலை வாரி, கையில கடிகாரம் கட்டி உக்காந்திருக்காரு" என்றாள் அவள், எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே. "வாசக் கதவைப் பாத்து. மடியில சீட்டுக்கட்டு. எங்க கிளம்பிட்டீங்கன்னு கேட்டேன். 'லிஃப்டு வந்துட்டா ஒடனே போகணும்ல அக்கா, அண்ணன் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு'ங்கறாரு. இன்னைக்கு மட்டுமான்னு அவர் பொண்டாட்டிகிட்டத் தனியாக் கேட்டேன். தினமுமாம். ரெண்டு மணிக்கே சட்டையைப் போடுவாராம். ஆறு மணிக்குக் கழட்டி மடிச்சு வச்சிடுவாராம்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சைக்கிள் கடைச் சேதியை நான் சொல்லல. வாயில வரல. முப்பது வருஷத்துல வந்த சேதியைக் குடுக்காம வந்தது இதான் மொத தடவை." அவள் திரும்பினாள். "போயி மாட்டிடுங்க."

"எதை?"

"பையில இருக்கிறதை."

மழைத் தண்ணீர் எதிர்க் குழாயின் மூட்டில் சொட்டியது. ஒன்று. இன்னொன்று.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மூணாம் நாள்லேர்ந்து உங்க சட்டையைத் துவைக்கிறது யாரு? அழுக்குச் சட்டையிலேர்ந்து காஞ்ச சட்டைக்கு அது தானா நடந்து வருதுன்னு நெனைச்சீங்களா? அதுக்கும் மகள் வாட்ச் கட்டி விட்டாளா?"

அவர் சட்டைப்பையைப் பிடித்துக்கொண்டார். தினமும் தான்தான் மாற்றி வைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். யோசித்துப் பார்த்தால் ஒருநாள்கூட மாற்றிய ஞாபகம் இல்லை.

"அப்ப நீ ஏன் கேக்கல?"

"கேட்டா மாட்டிடுவீங்க." அவள் குரல் இறங்கியது. "நானும் கூட்டுதான். உங்களை மட்டும் சொல்லல. ஆனா எனக்கு டிரைவர் கணக்குல வரல. அவர் குரல் மேலேர்ந்து வந்துக்கிட்டே இருந்துது, பால் ரெண்டு, பால் மூணுன்னு. சிரிச்சுக்கிட்டேதான் பேசினாரு. சட்டை போட்டு உக்காந்திருக்கிறது குரல்ல தெரியலியே."

"லிஃப்டு ஓடினா யாரும் படியில வர மாட்டாங்க. நீ மறுபடியும்..."

"தெரியும்."

"அந்த நாற்காலியில..."

"தெரியும்னு சொன்னேன்ல. நாலு மணிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. எழுந்திரிங்க."

அவர் இழுப்பறையைத் திறந்து அரத்தை எடுத்தார். சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்துத் தகட்டைத் தேய்த்தார். கரி உதிர்ந்து செம்பு வெளியே வந்தது. பத்து நிமிஷம்தான்.

ஏறும்போது டிரைவர் கதவுக்கு வெளியே, லிஃப்டுக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். சக்கரத்தின் இரண்டு பக்கமும் கை.

"சாமான் வந்துடுச்சாண்ணே?"

லிஃப்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "வந்துடுச்சு தம்பி. நானே தாமதம் பண்ணிட்டேன். உன்கிட்ட அப்புறம் பேசணும்."

"பேசறதெல்லாம் ஆறு மணிக்கு மேல வச்சுக்கலாம்" என்று டிரைவர் சிரித்தார். "இப்ப வண்டியை விடுங்க."

ஆறாவது மாடிக் கதவில் தகட்டை மாட்டி, மூடித் திறந்து பார்த்தார். சரியாகத் தொட்டது. மொட்டைமாடியில் மழை நின்று காற்று மட்டும் இருந்தது. இயந்திர அறையில் எண்ணெய் வாசமும் பழைய சூட்டின் வாசமும். மேலே மோட்டார், சுவரோரம் இரும்புப் பெட்டி, பெட்டிக்குள் வரிசையாக மாடிக்கொன்றாய் ஏழு கருவிகள், அவற்றுக்கிடையே வயர்கள். பித்தளைப் பூட்டில் சாவியைப் போட்டுத் திருப்பினார். பூட்டு கையோடு வந்தது. சுவிட்சின் பிடியில் கையை வைத்தார்.

அப்போது ஊன்றுகோல் சத்தம் கேட்டது.

மொட்டைமாடிப் படியில். மெதுவாக, ஒவ்வொரு படியிலும் நின்று. அவர் திரும்பவில்லை, திரும்பினால் இறங்கிப்போய்க் கைபிடிக்கத் தோன்றும். முப்பத்தெட்டு வருஷமாக அவர் வேலை செய்யும் எந்த இடத்தையும் அவள் வந்து பார்த்ததில்லை. கடைசிப் படி. ஈரத் தளத்தில் செருப்பு உரசும் சத்தம். இயந்திர அறைக் கதவில் சாய்ந்துகொண்டு அவள் மூச்சு வாங்கினாள். அவளுடைய மூச்சிலும் ஒரு விசில் இருந்ததை அவர் அன்றைக்குத்தான் கேட்டார்.

"அண்ணே!" கீழேயிருந்து டிரைவர் குரல், லிஃப்ட் குழி வழியாக, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. "பொத்தானை அமுக்கலாமா?"

அவள் உள்ளே வந்து அந்த இரும்புப் பெட்டியைப் பார்த்தாள். வயர்களின் வரிசையைப் பார்த்தாள். எக்ஸ்சேஞ்சில் தன் பலகையைப் பார்ப்பது போல, எது எங்கே போகிறது என்று கண்ணாலேயே பிடித்துக்கொண்டு போனாள். கீழேயிருந்து ஐந்தாவது கருவியில் விரலைத் தொடாமல் வைத்தாள்.

"இதானே நம்ம மாடி?"

"ஆமா."

ஊன்றுகோலைக் கை மாற்றிக்கொண்டாள்.

"ஏங்க, அந்தத் துணிக்கடைக்குப் பண்ணிக் குடுத்தீங்களே... யாரு ஏறினாலும் சரி, எந்த மாடிக்குப் போனாலும் சரி, நம்ம மாடியில ஒரே ஒரு தடவை நின்னு, கதவைத் திறந்துட்டுப் போற மாதிரி, எனக்கும் பண்ணித் தர்றீங்களா?"